கோல் வாசலில் குளம்

ரெஃப்ரி கோல் வாசலில் நின்று பந்தைக் கீழே போட்டார். அது எகிறவில்லை. சொத்தென்று சேற்றில் விழுந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"உங்க ஊருக்கு மட்டும் தனி மழையா?" வானத்தைப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்தது.

"விடியக்காலைல ஒரு காட்டு காட்டிருச்சு சார்" என்றார் மாஸ்பெக் டவுன் மேனேஜர் கிளைவ். அந்த மழையை ரப்பர் குழாயில் பிடித்து ஊற்றியவரே அவர்தான்.

பின்னே என்ன செய்வார்? கேப்டனுக்குக் கல்யாணம் என்று கூத்தடிக்க ஸ்பெயினுக்குப் போன பயல்கள், விமானம் ரத்தாகி அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தொப்பையைத் தூக்கிக்கொண்டு கிளைவே இறங்கினாலும் சரியாக ஏழு பேர்தான். ஏழு தலை தேறினால் ஆடியே தீர வேண்டும், தேறாத அணி ஆடாமலே தோற்றதாகக் கணக்கு என்பது லீக் விதி.

சீசனின் கடைசி ஆட்டம். ஜெயிக்காவிட்டால் கீழ் டிவிஷன்தான். அப்புறம் அவர் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. எதிரணியோ முதலிடத்தில் இருக்கும் கார்ட்ரிக். ஏழு பேரை வைத்துக்கொண்டு அவர்களை ஜெயிப்பதாவது!

கார்ட்ரிக் மேனேஜர் நாரிஸ் இரண்டு ஆட்டக்காரர்களோடு தன் காரில் முன்னதாகவே வந்திருந்தார். "மத்தவங்க பஸ்ல வர்றாங்க" என்றவர், நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் ஆடியே ஆக வேண்டுமென்று மல்லுக்கு நிற்பாரே என்று கிளைவுக்கு உதறல்.

நாரிஸ் சேற்றில் காலை வைத்துப் பார்த்தார். "ஐயையோ, இதுல ஆடுனா பசங்க கால் முறிஞ்சிரும் சார். தள்ளி வச்சிருங்க."

கிளைவால் நம்பவே முடியவில்லை.

"ரெண்டு மேனேஜர் இவ்ளோ ஒத்துமையா இருந்து நான் பார்த்ததே இல்லப்பா" என்றார் ரெஃப்ரி. "சரி, ஆட்டம் ரத்து. செவ்வாய்க்கிழமை வச்சுக்கலாம்." காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கிளைவின் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் பயல்கள் திரும்பிவிடுவார்கள். நாரிஸைக் கையோடு கேன்டீனுக்கு இழுத்துப் போய், டீயும் பேக்கன் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார்.

"பெரிய மனுஷன்யா நீ! வேற எவனா இருந்தாலும் ஆடித்தான் ஆகணும்னு குதிச்சிருப்பான்."

"அட நீ வேற!" நாரிஸ் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தார். "பஸ் மோட்டார்வேயில படுத்திருச்சு. சாயங்காலத்துக்கு முன்னாடி மெக்கானிக் வரமாட்டானாம். நல்லவேளை, உங்க மழை காப்பாத்திருச்சு."

பக்கத்து மேஜையில் இருந்த தன் ஆட்டக்காரர்கள் இருவரையும் நாரிஸ் கைகாட்டினார்.

"எங்கிட்ட இருந்ததே இந்த ரெண்டு பேருதான்யா!"