கலாவதி போன பிறகு

"அண்ணை, அக்கா இப்ப எங்க இருக்கிறா எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் போய்க் கதைச்சுக் கூட்டிக்கொண்டு வாறன்."

கோயில் சபை நித்தியானந்தன் சாப்பாட்டுப் பார்சலை மேசையில் வைத்துவிட்டு, பதில் வராமல் எழும்புவதில்லை என்று சோபாவில் சாய்ந்துகொண்டார். குலசேகரம் எழும்பிப் போய் வாசல் கதவைத் திறந்து வைத்தார்.

சும்மாவா பின்னே? முப்பது வருடமாகக் கௌபோய் தொப்பியும் கிற்றாருமாக லண்டன் பப்புகளில் பழைய பாணி அமெரிக்க நாட்டுப்புற 'கன்ட்ரி' பாட்டுப் பாடுகிற மனுஷன். கேட்க நாதியில்லை. நம் சனமோ 'தொப்பிக் குலம்' என்று நக்கலடித்ததோடு சரி. போன மாதம்தான் எல்லாம் மாறியது. மனைவி கலாவதி பெட்டி கட்டிக்கொண்டு போன கதையைத் தமிழிலேயே கன்ட்ரி பாட்டாக்கிப் பாடினார். அந்த வீடியோ, போனுக்குப் போன் பறந்தது. அவர்கள் இருக்கும் குட்மேய்ஸ் பகுதி முழுக்க அழுது மூக்கைச் சிந்தியது. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு அனுப்பியது. நாளைக்குப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் அவருடைய முதல் தமிழ்க் கச்சேரி. மண்டபத்தில் ஒரு கதிரைகூட மிச்சமில்லை. இந்த நேரம் பார்த்து நித்தியானந்தனுக்குச் சமாதானம் பேச வேண்டுமாம்.

"தம்பி, கோவிக்காதேங்கோ," என்றார் குலசேகரம். "அவ திரும்பி வந்திட்டா எண்டால் எனக்குப் பாட்டு வராது."

நித்தியானந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் கழுவ வேண்டும், பாத்ரூம் மேலேயா என்று கேட்டபடி எழும்பினார். குலசேகரம் பாய்ந்து போய்ப் படியை மறித்தார். மேலே ஒரே குப்பை, பார்க்கச் சகிக்காது என்று கெஞ்சாத குறை. பெண் இல்லாத வீடு இப்படித்தான் ஆகும் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே, பாவம், நித்தியானந்தன் புறப்பட்டுப் போனார்.

கார் தெருவைத் தாண்டும் வரைக்கும் குலசேகரம் திரைச்சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலே பார்த்து, "ஆள் போயிட்டார்," என்றார்.

கலாவதி பேனாவும் கையுமாக இறங்கி வந்து பார்சலைப் பிரித்தாள்.

"அவரின்ர மனுசி சுசிலாவின்ர புட்டு நல்லாத்தான் இருக்கு. அடுத்த பாட்டும் எழுதி முடிச்சிட்டன்," என்றாள். "இதில நான் மனம் மாறி வாசல் வரைக்கும் வாறன். உங்கட தொப்பியைக் கண்டிட்டு, வந்த வழியே போறன்."