வராத தட்டு

“வர்ற வெள்ளிக்கிழமை அம்மாவோட வந்து உனக்குப் பூ வச்சுட்டுப் போறோம்” என்று சொல்லிவிட்டுப் போன தயாபரன் வரவேயில்லை. பூவும் பழமுமாக வந்திருக்க வேண்டிய, வராத அந்தத் தட்டைத்தான் மங்கையர்க்கரசி எண்ணெய் வண்ணத்தில் தீட்டினாள். பழைய ஐரோப்பிய ஓவியங்களைப் போல இருண்ட பின்னணி, வெளிச்சம் விழுந்த திராட்சைக் கொத்து, பாதி உரித்த ஆரஞ்சு, தட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கும் மல்லிகைச் சரம்.

வருஷங்கள் கழித்து, தன் புது வீட்டுக்குப் படம் வாங்க மனைவியோடு அவள் வீட்டுக்கு வந்தான் தயாபரன். முன்பின் தெரியாதவளுக்கு வைப்பதுபோல வணக்கம் வைத்தான். மனைவி நேராக அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

“எதைங்க பாத்து வரைஞ்சீங்க?”

“பாத்து வரையல. வரும்னு சொன்னாங்க, வரல.”

“அப்படியே பறிச்சுத் திங்கலாம்போல இருக்கு. இதையே எடுத்துக்கலாங்க” என்றாள் கணவனிடம். அவன் சட்டத்தின் மூலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

மங்கையர்க்கரசி படத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்த பிறகுதான் மனைவி தன் பையைத் திறந்தாள். “மொத தடவை ஒரு வீட்டுக்கு வர்றோம், வெறுங்கையோட வரலாமா? பூவும் பழமும் வாங்கியாந்தேன். திரும்புங்கக்கா, நானே வச்சு விடறேன்.”

மங்கையர்க்கரசி திரும்பித் தலையைக் குனிந்தாள். கொண்டை ஊசி மண்டையில் உரசிக்கொண்டு இறங்கியது.

“எவ்வளவு எடுப்பா இருக்கு! பாருங்களேன்” என்றாள் மனைவி.

தயாபரன் படத்தை இரண்டு கைகளாலும் தூக்கி, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான்.