தலைகீழ் சுவிட்ச்

“இந்தக் கையாலதான் சார் தட்டினேன்… இத வெட்டிப் போட்டுடுங்க!”

யுவஸ்ரீ வலது கையைச் சுவரில் மோதிக்கொண்டு அழுதாள். அக்கா சுமலதா ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் எலும்பு முறிந்திருக்கும். இன்ஸ்பெக்டருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

செஞ்சிக் கோட்டைக்குப் போகிற சாலையில் அவ்வளவு ஆடம்பரமான வீடு அது ஒன்றுதான். ஹால் நடுவே ஏணி சாய்ந்து கிடந்தது. மேலே பாதி கழற்றிய விளக்கு தொங்கியது. அதில் கரண்ட் அடித்துத்தான் காலையில் அவள் புருஷன் ஹரிஹரசுதன் செத்துப்போனான். உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

“அழாம சொல்லும்மா. இன்னா நடந்துச்சு?”

“விளக்க மாத்தணும்னு ஏணில ஏறினாரு சார். மெயின ஆஃப் பண்ணவான்னு கேட்டேன். ஏசி நின்னுடும், வேணாம்னாரு. இந்த லைட் சுவிட்ச மட்டும் ஆஃப்ல போடுன்னாரு. கீழ இருந்துச்சு. மேல தட்டிட்டேன்.”

“மேல தட்டினா ஆஃப்தானே?”

“ஊர்ல எல்லா வீட்லயும் அப்படித்தான் சார். இந்த வீட்ல மட்டும் மேல தட்டினா ஆன்.”

ஹரிஹரசுதன் பத்து வருஷம் அமெரிக்காவில் குப்பை கொட்டிவிட்டு வந்தவன். அங்கே சுவிட்சை மேலே தள்ளினால்தான் விளக்கு எரியும். அதுதான் நாகரிகம் என்று எலக்ட்ரீஷியனை அதட்டி, வீடு முழுக்கச் சுவிட்சுகளைத் தலைகீழாக மாட்ட வைத்தான்.

மனைவி மாற்றித் தட்டினால் கன்னத்தில் ஒன்று விழும். அதோடு விடமாட்டான். சுவிட்ச் முன்னால் நிற்க வைத்து, ‘மேல ஆன், கீழ ஆஃப்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நூறு தடவை தட்டச் சொல்வான். அவள் விரல் வீங்கிப்போகும். படுபாவி, எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே எண்ணுவான்.

“அத்தனையும் நடிப்பு சார்! வேணும்னே தட்டி எம் புள்ளையக் கொன்னுட்டா. இவள உள்ள தள்ளுங்க!” மாமியார் ஜெயம் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

யுவஸ்ரீ இன்ஸ்பெக்டர் முகத்தையே பார்த்தாள். இந்த மனுஷர் நம்பாவிட்டால் மிச்ச வாழ்க்கை ஜெயிலில்தான்.

இன்ஸ்பெக்டர் ஜெயத்தைப் பார்த்தார். “நீங்களும் இந்த வீட்லதானம்மா இருக்கறீங்க? எங்க, அந்த ஃபேனப் போடுங்க பாப்போம்.”

ஜெயம் விடுவிடுவென்று போய்ச் சுவிட்சைக் கீழே அழுத்தினாள். ஃபேன் அசையவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மேலே தட்டிய பிறகுதான் சுற்றியது.

“பாத்தீங்களா? உங்களுக்கே இன்னும் கை பழகல.”

சந்தர்ப்பம் கிடைத்ததும் சுமலதா முன்னால் வந்தாள். “இவளுக்கு எங்க போனாலும் குழப்பந்தான் சார். பொங்கலுக்கு அனந்தபுரம் வந்திருந்தா. எங்க வீட்டு ஃபேன் சுவிட்ச மேல மேல தட்டிட்டு, கரண்ட் இல்லையாக்கான்னு கேக்கறா. அங்கயும் தப்பு, இங்கயும் தப்பு. எங்களுக்குச் சிரிச்சு மாளல.”

யுவஸ்ரீயின் அழுகை சட்டென்று நின்றது. அக்காவையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு முன்னைவிடச் சத்தமாக அழுதாள்.

“பாவம், பொறந்ததுலேர்ந்து பழகின கை. அவசரத்துல அதுதானே முந்தும்?” என்று எழுந்தார் இன்ஸ்பெக்டர். “விபத்துன்னு எழுதிக்கய்யா.” கூட வந்த ஏட்டு தலையாட்டினார்.

பொழுது சாய்ந்தது. ஜெயத்தை உறவுக்காரர்கள் தாங்கலாக அழைத்துப் போனார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். படுக்கையறைக்குள் இருட்டிக்கொண்டு வந்தது.

விளக்குப் போடப் போன சுமலதா, சுவிட்சுக்கு நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“தொடவே பயமா இருக்குதுடி. சாவு விழுந்த வீட்ல இருட்டா இருக்கக் கூடாது. நீயே வந்து போடு.”

யுவஸ்ரீ கட்டிலை விட்டு எழுந்தாள். எதையும் தடவவில்லை, தயங்கவுமில்லை. நேராகச் சுவரிடம் நடந்தாள்.

“பாத்துடி! நீ பாட்டுக்கு மாத்தித் தட்டிடப் போற!”

அறை பளிச்சென்று வெளிச்சமானது. யுவஸ்ரீ முகத்தில் அழுத சுவடே இல்லை.

“நான் மாத்தித் தட்டி ரொம்ப நாளாச்சுக்கா.”