பைண்டர் தப்பு

"புத்தகம் தைக்கிறவருக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு கூடவா தெரியாது?"

கடைப் படியில் கால் வைக்கும்போதே அவள் சண்டையைத் தொடங்கிவிட்டாள்.

மேஜையில் அவள் வைத்தது, சரிந்துபோன பேரரசுகளைப் பற்றி யாரோ ஒரு தத்துவவாதி எழுதிய தடித்த புத்தகம். நூற்றைம்பது வருஷத்துப் பதிப்பு.

"அட்டை பிஞ்சிருக்கு, தைச்சுக் குடுங்கன்னு அப்பா குடுத்தா, முதல் அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கடைசியில வச்சிருக்கீங்க! சாம்ராஜ்யமெல்லாம் அழிஞ்சு, அரண்மனையில புல் முளைச்சு, எல்லாம் முடிஞ்ச பிறகு நாலு பேர் வந்து கிணறு வெட்டுறாங்க!"

"தப்புதாம்மா," என்றார் பைண்டர். "கண்ணு முன்ன மாதிரி இல்ல."

இப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதனாலேயே குரல் இன்னும் உயர்ந்தது.

"பன்னிரண்டு லாரி ஓட்டின மனுஷன். கம்பெனி கவிழ்ந்து ஒன்றரை வருஷமா வீட்டை விட்டு நகரல. வெளியே வந்ததே இதை உங்ககிட்ட குடுக்கத்தான். அவருக்குன்னு மிச்சமிருந்தது இது ஒண்ணு. அதையும் குட்டிச்சுவர் ஆக்கிட்டீங்க."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"'வயசான மனுஷன், விடு'ன்னுட்டார். முன்னேயெல்லாம் ஒரு நட்டு லூசா இருந்தாலே ஒர்க்‌ஷாப்பை ரெண்டாக்கிடுவார். இப்ப சண்டை போடக்கூடத் தெம்பில்ல. அதான் நான் வந்தேன்."

"வச்சிட்டுப் போங்க. பிரிச்சுத் தைச்சிடறேன்."

"என் கண் முன்னாடியே பிரிங்க."

பைண்டர் கத்தியை எடுத்தார். முனையைத் தையலில் வைத்தார். கை நகரவில்லை.

"எடுங்க கையை!" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

உள்ளே பசை கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "முப்பது வருஷத்துல ஒரு பக்கம் மாறினதில்ல இந்தக் கடையில. இன்னும் எவ்வளவு வாங்கிக் கட்டிக்குவீங்க?"

"சும்மா இரு. வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கலையே!"

அவள் வந்தவள் பக்கம் திரும்பினாள்.

"உங்க அப்பாதான்மா அப்படித் தைக்கச் சொன்னார். 'ஒவ்வொரு தடவையும் அந்தப் புல்லுலயே முடியுது, படிச்சிட்டு எந்திரிக்க முடியல. கடைசியில கிணறு வெட்டட்டும்'னார். அடுத்த வாரம் ஒத்தை லாரி எடுத்து மறுபடி ஆரம்பிக்கப் போறாராம். 'இதுவும் கவிழ்ந்தா என் பொண்ணு தாங்கமாட்டா. லாரி ஓடுற வரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம், பழி உங்க மேல இருக்கட்டுமா'ன்னு இவர் கையைப் பிடிச்சுக் கேட்டார்."

பைண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் கத்தியை மெல்ல ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா வந்தா, பொண்ணு நல்லாத் திட்டிட்டுப் போனான்னு மட்டும் சொல்லுங்க."