பத்திரம் என்றொரு ஃபோல்டர்

கனடாவிலிருந்து மகள் மெர்லின் படம் போடும் பொது ஃபோல்டர், தன் கணினியில் மட்டும் காலியாகத் தெரிவதாக ஞானசிகாமணி புகார் செய்திருந்தார். சரிசெய்ய வந்த பெண் கொஞ்ச நேரம் மௌஸை உருட்டிப் பார்த்தாள்.

“சார், இதுல வர்ற படத்தையெல்லாம் என்ன பண்ணுவீங்க?”

“தொலைஞ்சிடக் கூடாதில்லையா? அன்னன்னைக்கே இழுத்து, ‘பத்திரம்’னு இந்த ஃபோல்டர்ல வச்சிடுவேன்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே ஃபோல்டர் சார். நீங்க வெளிய இழுத்தா அவங்க பக்கமும் காணாமப் போயிடும். நீங்க அழிச்சிட்டதாத்தான் அவங்க நினைப்பாங்க.”

கடைசியாக வந்தது மெர்லினின் கல்யாணப் படம். அவர் வீம்பாகப் போகாமல் இருந்த கல்யாணம். அதையும் வந்த அன்றே பத்திரப்படுத்தியிருந்தார். அதன் பிறகு இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை.

அந்தப் பெண் போனதும், நாற்பத்தொரு படங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப இழுத்துப் போட்டார். ஒவ்வொன்றின் ஓரத்திலும், போய்ச் சேர்ந்துவிட்டதென்று பச்சைக் குறி விழுந்தது. கல்யாணப் படத்துக்கும் விழுந்தது. பிறகு, இதையெல்லாம் யார் யார் பார்க்க முடியும் என்று தெரிந்துகொள்ள அவள் சொல்லிக்கொடுத்த இடத்தை அழுத்தினார்.

‘நீங்கள் மட்டும்.’