பனிமலையிலிருந்து ஒரு வீடியோ கால்

"எங்கே, பனியைக் கொஞ்சம் காட்டு பார்க்கலாம்!" என்றாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, வீடியோ காலில்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் லீவுக்குப் பனிமலைக்குப் போயிருக்கிறான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். அவள் மானம் இப்போது அவன் கையில். போனைச் சட்டென்று திருப்பினான். திரை முழுக்க வெள்ளை வெளேரென்று பனி.

"அடேயப்பா! குளிரலையாடா?"

"மூக்கே மரத்துப் போச்சு ஆன்ட்டி!"

"உங்கம்மா புளுகுறாளோன்னு நினைச்சுட்டேன்டா."

போனை வைத்ததும் பின்னாலிருந்து அம்மா பெருமூச்சு விட்டாள்.

"போதும், தலையை வெளியில எடுத்துட்டு பிரிட்ஜை மூடு. என் சாப்பாட்டு ஞாபகத்துல பாதி வழியிலேயே ரயில் மாறி வீட்டுக்கு ஓடி வந்தவனே, லீவு முடியற வரைக்கும் ஜன்னல் பக்கம் மட்டும் போயிடாதே!"