மூன்றாவது செருமல்

காலையிலிருந்து குனிந்தே வேலை பார்த்ததில் சிக்கந்தருக்கு இடுப்பு கழன்றுபோயிருந்தது. கடைசியாகப் பழுதுபார்க்க வந்தது, சாவு அறிவிப்பு சொல்லும் ஆட்டோவின் ஆம்ப்ளிஃபயர். சுவிட்சைப் போட்டதும், மைக் மாட்டாமலே ஸ்பீக்கரில் யாரோ ஒருமுறை செருமினார்கள்.

ஆம்ப்ளிஃபயருக்குள் ஒலியை ஒரு கட்டம் பெருக்கியதை அடுத்த கட்டம் வாங்கி இன்னும் பெருக்கும். சத்தம் எங்கே நுழைகிறது என்று பார்க்க, முதல் கட்டத்து டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டார். செருமல் இன்னும் பலமாக வந்தது. அலுத்துப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி, மிச்ச டிரான்சிஸ்டர்களையும் கழற்றி டப்பா மூடியில் போட்டார்.

செருமியது.

"எங்க அண்ணன்தான் பாய்," என்றார் ஆட்டோக்காரர் சோலைமுத்து. "போன மாசம் தவறுற வரைக்கும் அவருதான் அறிவிப்பு சொல்வாரு. மூணு தடவ செருமிட்டுத்தான் செத்தவுக பேரச் சொல்லுவாரு."

கடையில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். ஸ்பீக்கர் மூச்சை இழுத்தது.